பூங்காவனத்தின் இடுப்பில் முளைத்த பை

சித்திரை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், நெடுங்கரைப்பட்டு ஊராட்சி மன்றத் தலைவர் பூங்காவனம் குளித்துவிட்டுப் புடவை கட்டப்போகும்போது, அவளுடைய வலது இடுப்பில், பாவாடை நாடாவுக்கு மூன்று விரல் மேலே, தோலோடு தோலாக ஒரு பை முளைத்திருந்தது. பத்தொன்பது வருசமாக ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் என்பதால் அவள் கூச்சல் எதுவும் போடவில்லை. கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள், வாயோரத்தை விரலால் நீவிப் பார்த்தாள், இஞ்ச் டேப்பை எடுத்து நீளமும் அகலமும் அளந்தாள், பிறகு வாசலுக்கு வந்து, நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த எங்களைக் கூப்பிட்டாள். "இத வந்து பாருங்கடி. ஒரு தையல்கூட இல்ல. ஓரத்த மடிச்சு அடிச்சாப்புல எவ்ளோ நறுவிசா இருக்குது பாரு," என்றாள்.

நாங்கள் பார்த்தோம். காலனியில் நாற்பத்தொரு பேர், ஒருவர் பின்னால் ஒருவராகக் குனிந்து பார்த்தோம். உள்ளே வெதுவெதுப்பாக, துவைத்துக் காயவைத்த துணியைப் போல உலர்ந்து இருக்கிறது என்று அவள் சொன்னாள். வேலைக்கு நேரமாகிவிட்டதால் மீதியை ஏரிக்கரையில் பேசிக்கொள்ளலாம் என்று நடந்தோம்.

இடுப்பில் பை எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். துப்பாக்கி வைக்கத்தான்.

எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு, அதிலும் காலனிப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது, ஊர்த்தெருக்காரர்கள் கூடிப் பேசி, வாய் பேசாதவளாக ஒருத்தியைப் பார்த்து நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்து, தைக்கும்போது வாயில் எப்போதும் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருக்கும் பூங்காவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குண்டூசியை எடுத்த பிறகு அவள் எப்படிப் பேசுவாள் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. துணைத் தலைவராக வந்த தனகோடி அலுவலகச் சாவியை வைத்துக்கொண்டார், முத்திரையை வைத்துக்கொண்டார், தலைவர் நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது என்று சொல்லி அதைத் தன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் போட்டுக்கொண்டார். பூங்காவனம் மூன்று வருசம் நின்றுகொண்டே தலைவராக இருந்தாள்.

போன வருசம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, கையில் மிட்டாய்த் தட்டைக் கொடுத்துவிட்டு, தனகோடி கயிற்றை இழுத்தார். அன்று மதியம் நடந்த கிராமசபையில், கொடி ஏற்ற வேண்டியது தலைவரா துணைத் தலைவரா என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மறுநாள் காலை அவளுடைய தையல் மெஷின் கிணற்றுக்குள் கிடந்தது. இன்னொரு தடவை கொடியைப் பற்றிப் பேசினால் பேசுகிறவளும் அங்கேதான் கிடப்பாள் என்று தனகோடியின் ஆட்கள் காலனி முனையில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் கயிறு போட்டு மெஷினை மேலே எடுத்தோம். எண்ணெய் விட்டுத் துடைத்ததில் ஓட ஆரம்பித்தது, ஆனால் அதற்குப் பிறகு அது தைத்த எல்லாத் துணியிலும் எங்காவது ஒரு இடத்தில் துருப்புள்ளி விழுந்தது. நாங்கள் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை, கல்யாண ஜாக்கெட்டில் விழுந்தபோதுகூட.

அவள் புகார் கொடுக்கப் போனாள். மெஷின் தானாகக் கிணற்றில் விழுந்திருக்கலாம் என்றார் இன்ஸ்பெக்டர். மெஷினுக்குக் கால் உண்டு, நடக்காது என்று பூங்காவனம் சொல்லிப் பார்த்தாள், அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் அவள் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஊரே சிரித்தது. உண்மையைச் சொன்னால், நாங்களும் கொஞ்சம் சிரித்தோம்.

உரிமம் கிடைத்ததற்குக் காரணம் அந்த இன்ஸ்பெக்டரேதான். விண்ணப்பதாரருக்கு ஆபத்து உண்டா என்று மேலிடத்திலிருந்து கேட்டு வந்தபோது, உண்டு என்று எழுதினால் யாரால் என்றும் எழுத வேண்டி வருமே என்று பயந்து, அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளினார். மேற்படி பூங்காவனம் மிக அமைதியானவர், யாரோடும் பகை இல்லாதவர், எந்த வழக்கிலும் சம்பந்தப்படாதவர், நிதானம் தவறாதவர், ஊர்மக்கள் அனைவரின் அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர், எனவே அவரைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை. மேலே இருந்தவர் இதைப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்கு முன்பு எங்கள் ஊராட்சியில் இருந்த ஒரே துப்பாக்கி தனகோடி வீட்டு ரெட்டைக்குழல். அது அவருடைய அப்பா காலத்தது, கூடத்துச் சுவரில் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும், ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளும். அப்படி ஒன்று நமக்கு ஒத்துவராது என்று பூங்காவனம் முதலிலேயே சொல்லிவிட்டாள். "சொவுத்துல மாட்டறதுக்கு எனக்கு சொவுரே கெடையாது, மூணு பக்கமும் தட்டி. மேலயே இருக்கணும். தண்ணி எடுக்கும்போது, மண்ணு வெட்டும்போது, பஸ்ல போவும்போது, எப்பவும் இருக்கணும். ஆனா இருக்குதுன்னு தெரியக்கூடாது," என்றாள்.

பட்டணத்தில் கஸாலி பாய் என்பவர் வைத்திருந்த துப்பாக்கிக் கடைக்கு அவளோடு எங்களில் இரண்டு பேர் போனோம். அவர் உரிமத்தை வாங்கி, பதவி என்ற இடத்தில் ஊராட்சி மன்றத் தலைவர் என்று இருந்ததைப் படித்துவிட்டு, எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க தலைவரம்மா," என்றார். அவள் உடனே உட்காரவில்லை. மூன்று வருசத்தில் அந்தப் பதவிக்காக அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை என்பது பாய்க்குத் தெரியாது, அதனால் நாற்காலியில் தூசி இருக்கிறதோ என்று நினைத்துத் துண்டால் தட்டிவிட்டார். அதன் பிறகு உட்கார்ந்தாள்.

பாய் பச்சைத் துணியை விரித்து நாலு துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார். முதலாவது நீளமானது, குறி தப்பாது என்றார். இரண்டாவது உருளை வைத்தது, என்றைக்கும் மக்கர் பண்ணாது என்றார். மூன்றாவது தட்டையானது, கனமானது, அதிகாரிகள் விரும்பி வாங்குவது. நாலாவது சின்னது, விரித்த கைக்குள் அடங்குவது. பூங்காவனம் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்காமல், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த மூக்கு புடவை நூலை இழுக்காதா, வேர்வை பட்டால் துருப்பிடிக்குமா, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தொடையில் குத்துமா, பின் குத்திய முந்தானையை அவிழ்க்காமல் ஒரே வீச்சில் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டாள். நூல் இழுக்குமா என்று தன்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்று பாய் சொன்னார்.

அன்று அவள் எதையும் வாங்கவில்லை. நாலையும் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, எடையைப் பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தாள். ஊருக்கு வந்ததும் அட்டையில் வெட்டி, துணியில் உறை தைத்து, பாய் சொன்ன எடைக்கு மணலை நிரப்பி, வாரத்துக்கு ஒன்றாக இடுப்பில் கட்டிப் பார்த்தாள். அளவு ஜாக்கெட் இல்லாமல் துணியில் கத்தரி வைக்காத கை அது.

முதல் வாரம் நீளமானது. ஏரியில் மண் வெட்டக் குனிந்தபோதெல்லாம் விலாவில் இடித்து, வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாக மடிந்தது. இரண்டாவது வாரம் உருளை வைத்தது, உருளைக்குப் பதிலாகக் கொட்டாங்கச்சியை வைத்துத் தைத்திருந்தாள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டு, மாசமாக இருக்கிற அம்மாவுக்கு யாராவது எழுந்து இடம் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். நாற்பத்துநாலு வயதில் இது தேவையா என்று அவளுடைய வீட்டுக்காரர் கோதண்டன் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரத்தில் தட்டையான கனத்தது பாவாடை நாடாவையே அறுத்துக்கொண்டு கீழே விழுந்தது, அதுவும் வட்டார வளர்ச்சி அலுவலர் முன்னால். நாலாவது சின்னது. ஆறரை இஞ்ச் நீளம், நாலரை இஞ்ச் உயரம், ஒரு இஞ்ச்சுக்கும் குறைந்த கனம். அதை அவள் கட்டியிருக்கிறாள் என்பதையே நாங்கள் மறந்துபோனோம், அவளும் மறந்துபோனாள்.

துப்பாக்கி முடிவாகிவிட்டது, ஆனால் அதை வைக்க இடம் முடிவாகவில்லை. ஜாக்கெட்டுக்குள் வைத்தால் தெரிந்தது. பாவாடையில் உள்பை தைத்தால் நடக்க நடக்கக் கிழிந்தது, நாலு தடவை தைத்தாள், நாலு தடவையும் கிழிந்தது. சுருக்குப்பையில் வைத்தால் கயிற்றைத் தளர்த்தி, வாயைப் பிரித்து, கையை விட்டு எடுப்பதற்குள் ஏழு எண்ணிவிடலாம். ஏழு எண்ணுவதற்குள் தனகோடியின் ஆட்கள் நம்மைக் கிணற்றில் போட்டுவிட்டு டீயும் குடித்து முடித்திருப்பார்கள் என்று அவள் சொன்னாள். ஆம்பளைகளுக்குச் சட்டையில் ஒன்று, பேண்டில் நாலு, டவுசரில் இரண்டு என்று பையாகத் தைத்துத் தைத்து என் கை தேய்ந்தது, ஒரு பெண்ணுக்கும் உடம்பில் ஒரு பை வேண்டும் என்று இத்தனை காலம் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினாள். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை பை முளைத்தது.

பாயின் கடைக்குத் திரும்பப் போய், நாலாவது துப்பாக்கியை எடுத்து இடுப்பில் செருகினபோது, அது அந்தப் பைக்கென்றே செய்ததுபோல உட்கார்ந்தது. பாய் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்து, இது எந்தக் கடையில் தைத்தது, நமக்கு ஒரு டஜன் கிடைக்குமா என்று விசாரித்தார். சுடுவதற்குப் பயிற்சி கொடுத்த மைதானத்தில், ஊசியில் நூல் கோர்க்கும்போது மூச்சைப் பிடிப்பதுபோலப் பிடித்து, ஆறு தடவை சுட்டு நாலு தடவை அட்டையில் போட்டாள். மற்ற இரண்டும் எங்கே போயின என்று கேட்டதற்கு, அது பிசிறு, எல்லாத் துணியிலும் கொஞ்சம் வரும் என்றாள்.

வைகாசி பிறந்ததும் எங்களுக்கும் பை வர ஆரம்பித்தது. முதலில் எதிர்வீட்டுச் செங்கேணிக்கு, பிறகு அவளுடைய நாத்தனாருக்கு, பிறகு அம்மை வருகிற மாதிரி தெருத்தெருவாக. வேப்பிலை கட்டிப் பார்த்தோம், மஞ்சள் பூசிப் பார்த்தோம், பை போகவில்லை, போக வேண்டும் என்று நாங்களும் வேண்டிக்கொள்ளவில்லை. கிராமச் செவிலியர் ஜெசிந்தா வந்து ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் இருக்கிறதா, வலி இருக்கிறதா என்று கேட்டு, பதிவேட்டில் இதற்கென்று கட்டம் இல்லாததால் எல்லார் பெயருக்கு நேராகவும் நலம் என்று எழுதினார். போகும்போது தன்னுடைய இடுப்புப் பைக்குள்ளிருந்துதான் பேனா மூடியை எடுத்துப் போட்டார் என்பதை நாங்கள் பார்த்தோம்.

பை இருப்பது நல்ல வசதி. செங்கேணி வெற்றிலை வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி துபாயில் இருக்கும் மகனின் போட்டோவை வைத்துக்கொண்டாள், ஒருத்தி பாதி தின்ற முறுக்கை, ஒருத்தி ஆஸ்துமா மருந்தை, ஒருத்தி தான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்ததற்கான சான்றிதழை. வீட்டு ஆம்பளைகள் உள்ளே என்ன இருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்தபோது பை மூடிக்கொண்டு வெறும் தோலாக இருந்தது. சொந்தக்காரியின் கைக்கு மட்டும்தான் அது திறந்தது. பீடிக்கட்டை வைத்துக்கொள்ளக் கொஞ்சம் இடம் கொடேன் என்று கோதண்டன் கேட்டுப் பார்த்தான். உனக்குத்தான் சட்டையில் ஒன்று இருக்கிறதே என்று பூங்காவனம் சொல்லிவிட்டாள்.

காலனிப் பெண்கள் எல்லாருக்கும் இடுப்பில் பை இருக்கிறது என்பது ஊர்த்தெருவுக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. பூங்காவனத்தின் பைக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். ஒரு பைக்குள் துப்பாக்கி இருந்தால் நாற்பத்தொரு பைக்குள் நாற்பத்தொரு துப்பாக்கி என்று டீக்கடையில் யாரோ கணக்குப் போட்டார்கள். உரிமம் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டதற்கு, உரிமமா முக்கியம் என்று இன்னொருவர் கேட்டார். எங்களைக் கேட்டார்கள். நாங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் இடுப்பில் லேசாகத் தட்டிக் காட்டினாள். உள்ளே இருந்தது முறுக்கு.

அதற்குப் பிறகு ஊர்த்தெரு மோட்டார் சைக்கிள்கள் எங்களைப் பார்த்தால் ஓரம் கட்டின. ரேஷன் கடையில் வந்த வரிசைப்படி அரிசி போட்டார்கள். பால் சொசைட்டியில் எங்கள் பாலுக்கென்று தனியாக வைத்திருந்த கேன் ஒருநாள் காணாமல்போய், எல்லார் பாலும் ஒரே கேனில் விழுந்தது. ஊர் திருந்திவிட்டது என்று ஜெசிந்தா சந்தோஷப்பட்டார். யாரும் திருந்தவில்லை. முன்பு எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள், இப்போது இடுப்பைப் பார்த்துப் பேசினார்கள். எங்களுக்கு அதில் கோபம்தான், ஆனாலும் அரிசி சரியாக வந்தது.

ஆனி மாதக் கடைசியில், தனகோடியின் மனைவி விசாலாட்சி ஒரு ஜாக்கெட் துணியைத் தூக்கிக்கொண்டு காலனிக்குள் வந்தாள். கல்யாணமாகி வந்து இருபத்தாறு வருசத்தில் அவள் எங்கள் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பூங்காவனம் அளவெடுத்தாள். டேப் இடுப்புக்கு வந்ததும் அவளுடைய விரல் ஒரு பையின் வாயோரத்தில் பட்டது.

"எப்பத்துலேந்துங்க?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"வைகாசியிலேந்து," என்றாள் விசாலாட்சி. "அவருக்குத் தெரியாது. அவர் எங்க பாக்கறாரு."

அதில் அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று பூங்காவனம் கேட்கவில்லை. இடுப்புப் பக்கம் அரை இஞ்ச் தளர்த்தித் தைத்துக் கொடுத்தாள்.

ஆடி மாதம் எங்கள் எம்.எல்.ஏ. இறந்துபோனார், இடைத்தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் முடியும் வரை உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். தனகோடியின் ரெட்டைக்குழலைப் பட்டுத்துண்டில் சுற்றி இரண்டு பேர் காரில் கொண்டுபோனார்கள். பூங்காவனம் டவுன் பஸ்ஸில் போய், இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, ரசீதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போவதைப் போல அவளுடைய கை ஒரு வாரம் அந்த இடத்துக்கே போய்வந்தது.

துப்பாக்கி போன செய்தி அவளுக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. மறுநாளே தனகோடி ஆள் அனுப்பினார். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை ஏழரைக்கு வந்து, போன வருசம்போல மிட்டாய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கொடியில் கை வைத்தால் அந்தக் கை இருக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று ஊராட்சிக் கொடியை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். போகவே வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள் என்று கோதண்டன் கெஞ்சினான். அவன் பயந்தது நியாயம்தான், நாங்களும் பயந்துதான் இருந்தோம். கிணறு அங்கேயேதான் இருந்தது, தண்ணீரும் நிறைய இருந்தது.

பூங்காவனம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கள் வீடுகளுக்கு வந்து துணி கேட்டாள். செங்கேணி தனக்குத் தாம்பூலத்தில் வந்த காவி நிற ஜாக்கெட் துண்டைக் கொடுத்தாள். பச்சைக்கு ஒருத்தியின் பாவாடை கிடைத்தது. வெள்ளைக்குக் கோதண்டனின் கல்யாண வேட்டியில் அவனைக் கேட்காமல் கிழித்தாள். பதினான்காம் தேதி பகல் முழுக்க மெஷின் ஓடியது. நடுவில் நீல நூலால் சக்கரம் போட்டு, இருபத்துநாலு ஆரத்தையும் ஸ்கேல் வைத்து எண்ணி எண்ணித் தைத்தாள். முடிக்கும்போது வெள்ளையில், சக்கரத்துக்குப் பக்கத்தில், வழக்கமான துருப்புள்ளி விழுந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு செவ்வந்தி இதழ்களை நடுவில் வைத்து, நீளத்தை ஆறாகவும் அகலத்தை ஆறாகவும் மடித்து, இடுப்பில் செருகினாள். துப்பாக்கி இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மறுநாள் நாங்கள் நாற்பத்தொரு பேரும் அவளுக்குப் பின்னால் போனோம். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் கொடிக்கம்பம் வெறுமையாக நின்றது. ஒருபக்கம் ஊர்த்தெரு ஆம்பளைகள், கோயில் படிக்கட்டில் ஊர்த்தெருப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில். மேசைமேல் மிட்டாய்த் தட்டு தயாராக இருந்தது. பூங்காவனம் தட்டைக் கடந்து நேராகக் கம்பத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். தனகோடி குறுக்கே வந்து நின்றார், அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

அவருடைய பார்வை அவளுடைய இடுப்புக்குப் போனது. அங்கே ஒரு புடைப்பு இருந்தது.

"துப்பாக்கிதான் ஸ்டேஷன்ல கெடக்குதே பூங்காவனம்," என்றார். "இடுப்புல என்னத்த வச்சிக்கிட்டு வந்திருக்க?"

"எடுத்துக் காட்டட்டுமா, துணைத் தலைவரே?"

அவள் கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எங்கள் நாற்பத்தொரு கைகளும் எங்கள் இடுப்புகளுக்குப் போயின, வெற்றிலையையும் போட்டோவையும் முறுக்கையும் மருந்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் இருந்த நாலு பேரில் மூன்று பேர் நகர்ந்துகொண்டார்கள். தனகோடி மட்டும் சிரித்தார். அவருக்குக் கணக்குத் தெரியும், ஊராட்சியில் உரிமம் இரண்டுதான், இரண்டும் ஸ்டேஷனில் இருக்கின்றன. சிரித்துக்கொண்டே, கயிற்றைப் பிடித்திருந்த அவளுடைய கையைப் பற்ற ஒரு அடி எடுத்து வைத்தார், வைத்தபடியே, பாருங்கள் இந்தக் கூத்தை என்பதுபோலத் தன் பக்கத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் கோயில் படிக்கட்டு அவர் கண்ணில் பட்டது.

படிக்கட்டில் விசாலாட்சி எழுந்து நின்றிருந்தாள். அவளுடைய வலது கை இடுப்பில், மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் இன்னும் ஏழெட்டுப் பெண்கள் அதேபோல நின்றார்கள்.

தனகோடியின் சிரிப்பு நின்றுபோனது. இருபத்தாறு வருசமாக ஒரே வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். எடுத்து வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவள் உள்ளே எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது.

பூங்காவனம் பையிலிருந்து கொடியை எடுத்தாள்.

"முப்பத்தாறுக்கு இருபத்துநாலு," என்றாள், அளவு சொல்கிற குரலில். "பீரோ சாவிய நீங்களே வச்சிக்கோங்க."

கட்டினாள், ஏற்றினாள், சுண்டி இழுத்தாள். செவ்வந்தி இதழ்கள் எல்லார்மேலும் விழுந்தன, தனகோடியின் தலையில் மூன்று ஒட்டிக்கொண்டன, அவர் தட்டிவிடவில்லை. கொடி காற்றில் விரிந்தபோது துருப்புள்ளி கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்குத் தெரிந்தது. எங்களில் பாதிப் பேர் அழுதோம், அதைச் சொல்வதில் எங்களுக்கு வெட்கமில்லை. மிட்டாயை யார் கொடுப்பது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றதால், கடைசியில் துணைத் தலைவரே தட்டை எடுக்க வேண்டியதாயிற்று.

தேர்தல் முடிந்து புரட்டாசியில் பூங்காவனம் ரசீதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். உன்மேல் ஒரு புகாரும் இல்லை, ஊரும் அமைதியாக இருக்கிறது என்றார்.

"அதான் கொடிய ஏத்திட்டியேம்மா. இனிமே இது எதுக்கு உனக்கு?"

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"ஜனவரி இருபத்தாறு வருதுங்களே சார்," என்றாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு அவள் கையை விட்டுப் பார்த்தபோது, பை ஒன்றரை இஞ்ச் கூடியிருந்தது. கொடியும் துப்பாக்கியும் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. வாசலுக்கு வந்து எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இடுப்புகளைத் தொட்டுப் பார்த்தோம். எங்களுக்கும் கூடியிருந்தது.